முகப்புக்கு வர்ணம் பூசாதீர்கள்

பழைய மணிக்கூட்டைப் புதியது போல ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் அதைக் கொடுக்கவே கூடாது என்பது எனது உறுதியான கருத்து. ஓட வைப்பது வேறு, புதிதாக்குவது வேறு.

நம் வீடுகள் பலவற்றில் வெளிநாட்டில் உழைத்த ஒருவரின் சீக்கோ 5 அலுமாரிக்குள் கிடக்கும். அந்த வகை 1963இல் சந்தைக்கு வந்தது. சாவி கொடுக்கத் தேவையில்லை. கை அசையும்போது உள்ளே ஒரு எடைத்தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும். மத்திய கிழக்குச் சந்தைக்குப் போனவற்றில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். மர்ஹூமான எங்கள் மூத்தவாப்பா சவூதியில் வாங்கிய மணிக்கூட்டில் இன்றும் அரபியில்தான் கிழமை மாறுகிறது. பின்மூடியிலுள்ள தொடரிலக்கம் 83 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். மூத்தவாப்பா 1984இல் ஊர் திரும்பிவிட்டதால் அது 1988 ஆக முடியாது, 1978 மார்ச்தான். எங்களிடம் அவருடைய கடிதம் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துக்குச் சாட்சி இந்த மணிக்கூடு மட்டுமே.

இதன் முகப்புக்குப் புது வர்ணம் பூசி, உறையையும் மெருகேற்றி, தன் மகனுக்குக் கல்யாணத்தன்று கட்டிவிட வேண்டும் என்பது சாச்சாவின் ஆசை. "கறை பிடித்த மணிக்கூட்டோடு மாப்பிள்ளை போனால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பளபளப்புத்தான் வேண்டுமென்றால் கடையில் புதியவை நிறைய இருக்கின்றன.

மறுவர்ணம் பூசும்போது தொழிற்சாலையில் அச்சான எழுத்துகள் அழிந்துவிடும். மும்பையிலிருந்து விற்பனைக்கு வரும் பழைய சீக்கோக்களில் இப்படிப்பட்டவை ஏராளம். எழுத்துகள் தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு பொருந்தாது. சேகரிப்பவர்கள் பார்த்ததும் ஒதுக்கிவிடுகிறார்கள். மெருகேற்றுவதும் அப்படியே. கீறல் போகவில்லை, கீறலைச் சுற்றியிருந்த உலோகம் போய்விட்டது. உறையின் கூரிய விளிம்புகள் சவர்க்காரம் போல வழுவழுத்துவிடும். தங்க முலாம் பூசிய சுவிஸ் மணிக்கூடுகளில் 20 மைக்ரோன் என்று பொறித்திருப்பதைக் காணலாம். அது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு; தேய்க்கத் தேய்க்கப் பித்தளை வெளியே வரும்.

அதற்காக எதையும் தொடாமல் பெட்டியில் பூட்டி வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் காய்ந்த பிறகு ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சுகள் தேயும். பின்மூடியின் இறப்பர் வளையம் இறுகிவிட்டால் நமது கடலோர ஈரம் உள்ளே போய்த் துரு பிடிக்கும். இவற்றைத் தாமதிக்காமல் மாற்ற வேண்டும். கண்ணாடியையும் மாற்றலாம் என்பேன், சிலர் என்னோடு சண்டைக்கு வந்தாலும்.

இன்னும் பழைய, இருட்டில் ஒளிரும் முட்கள் கொண்ட மணிக்கூடென்றால் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். அவற்றில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிப் போயிருந்தாலும் ரேடியம் பாதியாகக் குறைவதற்கே 1600 ஆண்டுகள் வேண்டும்.

திருத்தக் கொடுக்கும்போது கழுவி எண்ணெயிடவும் இறப்பர் வளையத்தை மாற்றவும் மட்டும் சொல்லுங்கள். முகப்பு, முட்கள், கிழமைத் தட்டு மூன்றையும் தொடவேண்டாம் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிவையுங்கள். கழற்றிய துண்டு எதுவானாலும் ஒரு சிறு பையில் போட்டுத் திருப்பித் தரச்சொல்லுங்கள்.