வட்டிக் காசில் எழுந்த வளவு

ஆடி பிறந்துவிட்டால் வேல் இரதம் எப்பொழுது புறப்படும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 1874ஆம் ஆண்டிலே தொடங்கிய விழா அது. கொட்டாஞ்சேனைக்காரர் செட்டியார் தெருவுக்கு நடந்துபோய் அது புறப்படுவதைக் காண்பர். வெள்ளவத்தைக்காரராகிய நாம் காலி வீதியிலே காத்து நின்று, பம்பலப்பிட்டிக்கு அது வந்து சேர்வதைக் காண்போம். அந்த இரதத்தையும் அதற்குரிய கதிரேசன் கோயில்களையும் கொழும்புக்குத் தந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இன்று செட்டியார் தெரு என்றதும் நம் பெண்மக்களுக்கு நினைவுக்கு வருவது தாலிக்கொடியும் காப்பும். நூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, அங்கே போனவர்கள் பெரும்பாலும் பணம் கேட்டுப் போனார்கள்.

எமது பூட்டனாரும் அவ்வாறு போனவரே. கொட்டாஞ்சேனையிலே சிறு பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், பூட்டியின் சீதனக் காணியை ஈடு வைத்து ஒரு செட்டியாரிடம் கடன் பெற்றார். தேசவழமைப்படி காணி பெண்ணுடையது. ஆகவே கைநாட்டு இட்டவள் பூட்டியே. காணி மீளவில்லை. பூட்டி இறக்கும்வரை ஆடிவேலுக்குப் போய் வந்தாளாம். "நான் வேலைத்தான் கும்பிடுறன், வேலுக்குப் பின்னாலை வாறவையை இல்லை" என்பாளாம். எங்கள் பாட்டி இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குள்ளே கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

இந்தப் பழைய கணக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான், சென்ற விடுமுறையிலே குடும்பத்துடன் சென்னைக்குப் போனபோது, ஒரு செட்டிநாட்டு வணிகர் வீட்டின் படியேறினோம். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரில், கடற்கரைச் சாலையிலே முட்டுக்காடு என்னும் இடத்தில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறக்கப்பட்டது. தென்னாட்டின் பல பகுதிகளிலும் இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளை வாங்கி, மரமும் கல்லுமாகக் கழற்றிக் கொணர்ந்து, அவ்வவ்வூர்த் தொழிலாளரைக் கொண்டே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நெசவாளர் வீடு உண்டு, உழவர் வீடு உண்டு, குயவர் வீடும் உண்டு. அவற்றின் நடுவே வணிகர் வீடு சற்றே நிமிர்ந்து நிற்கிறது.

முன்னே திண்ணை. அதன்பின் நிலைக்கதவு, அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நிற்கலாம், அத்துணைச் செதுக்கு வேலை. உள்ளே முகப்பு. அதையும் கடந்தால் வானம் தெரியும் முற்றம், அதனைச் சூழ்ந்த பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். செட்டிநாட்டிலே உள்ள பெருவீடுகளின் நீளம் இங்கில்லை. அங்கே ஒரு தெருவில் வாயில் வைத்து, கட்டுக்குப் பின் கட்டாகச் சென்று, சமையற்கட்டின் புறவாயிலால் மறு தெருவுக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. ஆயினும் அந்த வாழ்க்கையின் அமைப்பை அறிந்துகொள்ள இதுவே போதும்.

அந்த முற்றமும் அறைகளும் சேர்ந்த பகுதியை அவர்கள் 'வளவு' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு வளவென்றால் வேலியடைத்த காணி. பனையும் கிணறும் அதற்குள் இருக்கும். சிங்கள மக்களோ பிரபுக்களின் பெருவீட்டை 'வளவ்வ' என்பர். ஒரே ஒலியுடைய சொல் மூன்று இடங்களில் மூன்று பொருள் தருவதைக் கேட்டு எங்கள் மகள் வியந்தாள். அடுத்தபடியாக அவள் கேட்டது நல்ல கேள்வி. அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இவ்வளவு பெரிய வீட்டிலை அறை மட்டும் ஏன் இவ்வளவு சின்னன்? சனம் எங்கை படுத்தது?" என்றாள்.

அறைகள் படுப்பதற்கு எழுந்தவை அல்ல. திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவிலே ஓர் அறை உரியது. மருமகள் கொண்டுவந்த பாத்திரமும் பண்டமும் நகையும் அதற்குள் இருக்கும், சாவி அவளிடம் இருக்கும். வெயிற்காலத்தில் உறங்குவது பத்தியிலும் முகப்பிலுமே. மணமான சில காலத்துக்குள் புதுமணத் தம்பதிகளை 'வேறு வைப்பார்கள்'. அதாவது, ஒரே கூரையின் கீழ் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனி அரிசி, தனிக் கணக்கு. நாலு மகன்மார் இருந்தால் நாலு அடுப்பு எரியும். அப்படி வேறான குடும்பத்துக்குப் 'புள்ளி' என்று பெயர். கோயிலுக்குரிய வரியும் புள்ளிக் கணக்கிலேதான். கூட்டுக் குடும்பம் என்று நாம் மேடைகளில் உருகிப் பேசுகிறோமே, அது இங்கே உண்மையில் பல தனிக் குடும்பங்கள் கணக்கு வழக்குடன் கூடி வாழ்ந்த ஏற்பாடாக இருந்திருக்கிறது. எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மாமியின் கண்ணீருக்கும் மருமகளின் மனக்குறைக்கும் நம் வீடுகளிலே பாதிக் காரணம் ஒரே அடுப்பு என்று எம் இல்லாள் அங்கேயே தீர்ப்பளித்தாள். நாம் மறுக்கவில்லை.

நிற்க, இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? தூண்கள் பர்மாத் தேக்கு. செட்டிநாட்டின் பெரிய வீடுகளிலே இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் ஜப்பானிய ஓடுகளும் காணலாம். சுவரில் முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்ந்த பூச்சு கண்ணாடிபோல் மின்னும். இவற்றையெல்லாம் கொடுத்த கடையை வீட்டுக்குள் தேடினால் அகப்படாது. அது கடலுக்கு அப்பால், இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்தது. முதலாளி ஊரிலிருப்பார். அவருடைய மேலாள் மூன்று ஆண்டுத் தவணைக்குக் கடல் கடப்பார். கூடவே கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன் ஒருவன். தரையில் ஒரு சாய்வுப் பெட்டி, அதன்மேல் கணக்கேடு. வங்கி அவ்வளவுதான். மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை வந்த பின்னர் கொழும்பு அவர்களுக்கு ஓரிரவுத் தூரமாகிவிட்டது; எனினும் தவணை தவணைதான்.

கொழும்பிலிருந்த ஐரோப்பிய வங்கிகள் நம்மவர் கடை வாயிலைத் திரும்பியும் பார்த்ததில்லை. தோட்டத் துரைமார்களும் பெரும் ஏற்றுமதியாளருமே அவற்றின் வாடிக்கையாளர். அவ்வங்கிகள் செட்டிமாருக்குக் கடன் கொடுத்தன. செட்டிமார் அதனைச் சில்லறையாக்கிச் சிறு வணிகனுக்கும் காணிக்காரனுக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். எந்தச் செட்டியாரின் கைச்சீட்டு நம்பத்தக்கது என்று வங்கிக்குப் பிணைநின்று சொல்வதற்கு ஒரு சிறாப்பர் இருந்தார். நம் கச்சேரிகளில் காசாளரைச் சிறாப்பர் என்று அழைத்தார்களே, அதே சொல்தான்.

1925இல் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன. வங்கிகள் அஞ்சிக் கைகளை இறுக்கிக்கொண்டன. மேலே இறுகியது கீழேயும் இறுகத்தானே செய்யும்? அதன்பின் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பூட்டனாரின் காணி போனதும் அக்காலத்திலேதான். பூட்டியின் கதையில் செட்டியார் ஒருவரே வில்லன். அவருக்கு மேலே ஒரு வங்கியும், அதற்கும் மேலே இலண்டனும் இருந்ததை அவள் அறிந்திருக்க நியாயமில்லை. உள்நாட்டு மக்கள் கடன் பெற வழியில்லாத இந்நிலையை 1934இல் வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. எங்கள் வீட்டுக்கு அது காலங்கடந்த ஆறுதல்.

ஆனால் அவர்களை மாத்திரம் விதி விட்டுவிட்டதா? பர்மாவிலே நெல் விலை வீழ்ந்து உழவர் கடன் திருப்ப இயலாதபோது, ஈட்டு நிலங்கள் செட்டிமாரிடம் வந்து குவிந்தன. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களிலே 1930இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்களுடைய நிலம் 1937இல் 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது பணம். கிடைத்ததோ சேறும், உழவரின் வெறுப்பும். 1942இல் ஜப்பானியர் வந்தனர். ஏடுகளைக் கட்டிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு, ஏட்டையும் விட்டு ஓடியவர்களும் உண்டு. 1948இல் சுதந்திரம் பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. நம் பூட்டியின் காணிபோலவே அந்நிலங்களும் கைமாறின.

பின்னர் வீடுகளுக்கும் முறை வந்தது. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில். ஓடு மாற்றவே ஒரு சம்பளம் போதாது. ஆகவே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பல பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடியிலே பழம்பொருட் கடைகள் நிறைந்த தெருவே ஒன்று இருக்கிறது. நிலைக்கதவு, தூண், ஊஞ்சல், கடைசியில் அண்டாவும் செம்பும்வரை அங்கே விலைக்குக் கிடைக்கும். செட்டிநாட்டு ஊர்களை 2014இல் இந்தியா யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலே சேர்த்தது. அந்தப் பட்டியலால் ஓட்டை ஓடு மூடாது என்பது வேறு விடயம். பங்காளிகள் கூடிப் பணம் போட்டுக் காக்கின்ற வீடுகளும் இல்லாமல் இல்லை. திருமணம் என்றால் உலகெங்குமிருந்து வந்து அந்தப் பூட்டுகளைத் திறக்கிறார்கள்.

முட்டுக்காட்டு வளவின் பத்தியிலே, தூணில் சாய்ந்தபடி, எம் இல்லாள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று ஆண்டுத் தவணை எப்போது முடியும் என்று நாளெண்ணிய மருமகள்மாரைப் பற்றி நினைத்திருப்பாள் போலும். கொட்டாஞ்சேனைக் கடைக்குப் பின்னால் நின்று கைநாட்டு இட்ட பூட்டியைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். மகள் ஓர் அறையை அடிவைத்து அளந்துவிட்டு வந்து, எங்கள் வெள்ளவத்தை மாடிவீட்டுக் களஞ்சிய அறை இதைவிடப் பெரிது என்று அறிவித்தாள்.

திரும்பி வந்த பின் ஆடிவேல் வந்தது. காலி வீதி ஓரத்திலே மூவரும் நின்றோம். இரதம் நெருங்கியதும் கைகூப்பினோம். அதன்பின்னே வேட்டியும் திருநீறுமாக ஒரு முதியவர் நடந்து வந்தார். மகள் எம் கையை இழுத்து, "பூட்டி இவரைக் கும்பிட்டிருக்க மாட்டா, என்னப்பா?" என்றாள். முதியவருக்குக் கேட்டுவிட்டதோ என்னவோ, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.