அந்தரேயின் வாயில் மண்

நாட்டுக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கதை முடிந்த கையோடு ஒரு நீதியையும் ஒட்டிவிடுவது நம் ஆசிரியர் பலரின் வழக்கம். காகமும் நரியும் போன்ற கதைகளுக்கு அது பொருந்தலாம். அரசனையே ஏய்த்துப் பிழைக்கும் சூழ்ச்சிக்காரனின் கதைக்கு அது சற்றும் பொருந்தாது என்பதே என் கருத்து.

சிங்கள மக்களிடையே வழங்கும் அந்தரே கதைகளை எடுத்துக்கொள்வோம். தெற்கே திக்குவல்லைப் பகுதியில் பிறந்தவன் என்று மரபு கூறும் இவ்வரசவை விகடன், கண்டியில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்திலோ அவன் தம்பி இராஜாதி இராஜசிங்கன் (1782–1798) காலத்திலோ வாழ்ந்தவனாகச் சொல்லப்படுகிறான். அவ்விருவரும் நாயக்கர் வழிவந்த மன்னர் என்பது நாம் அறிந்ததே.

அரண்மனை முற்றத்தில் பாய் விரித்துச் சீனி காயவைத்திருக்கிறார்கள். அஃது என்னவென்று அந்தரே வினவுகிறான். உண்மையைச் சொன்னால் சீனி மிஞ்சாது என்றெண்ணிய அரசன், "மண்" என்கிறான். அந்தரே மறுபேச்சின்றிப் போய்விடுகிறான். சிறிது பொழுதில் அவன் மகன், "அம்மா செத்துப்போனாள்!" என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறான். "அவளே போனபின் நம் வாயில் மண்தான்!" என்று புலம்பியபடி தந்தையும் மகனும் பாயிலே விழுந்து, அள்ளி அள்ளி வாயில் இட்டுக்கொள்கிறார்கள். வாயில் மண் விழுதல் என்னும் வழக்கு நமக்கும் உரியதாகையால், இக்கதை தமிழில் ஒரு துளியும் சிந்தாமல் வந்துசேர்கிறது.

இதற்கு என்ன நீதி எழுதுவது? 'புத்தியே பலம்' என்று எழுதி முடிக்கிறார்கள். உயிரோடிருக்கும் மனைவியைச் சாகடித்துச் சீனி தின்பவனை நல்லவன் என்று யாரும் மெழுக வேண்டியதில்லை. ஆயினும் முதற் பொய் அரசனுடையது. "நீர் சொல்வது பொய்" என்று அச்சபையில் எவனும் வாய்திறக்க முடியாது, அந்தரேயும் திறக்கவில்லை. அரசன் வாக்கை அப்படியே மெய்யென ஏற்று, அதற்குள்ளேயே புகுந்து நடந்துகொள்கிறான். அவனைச் சீனி தின்ற குற்றத்துக்குத் தண்டிக்க வேண்டுமாயின், அரசன் தன் பொய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எளியவன் சிரிப்பின் கூர்மை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நீதி என்ற பெயரால் நாம் மழுங்க அடிப்பதும் இதைத்தான்.

(மகதெனமுத்தாவை இவனோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. பானைக்குள் தலை சிக்கிய ஆட்டின் கழுத்தை வெட்டி, பிறகு பானையையும் உடைத்த அப்பெரியவர், ஐந்து சீடர்களோடு நம் பரமார்த்த குருவின் திண்ணையில் அமரத் தக்கவர். மூடன் வேறு, சூழ்ச்சிக்காரன் வேறு.)

தெனாலிராமனுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. பூனை வளர்க்க அரசன் கொடுத்த பசுவின் பாலைத் தன் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, பூனைக்குக் கொதிக்கும் பாலைக் காட்டி, பிறகு பாலைக் கண்டாலே அஃது ஓடும்படி செய்தவன் அவன். 1956ஆம் ஆண்டில் சிவாஜி கணேசன் நடித்து வெளிவந்த திரைப்படமோ, பகைவர் ஏவிய நாட்டியக்காரியின் சூதை முறியடித்து அரசனைக் காக்கும் வீரனாக அவனை உயர்த்திற்று. நடிப்பில் குறையில்லை. ஆனால் அரண்மனைக்குக் காவலனாகிவிட்டவன் அரண்மனையைப் பார்த்து எப்படிச் சிரிப்பான்?

வகுப்பில் அந்தரே கதையைச் சொல்லும் ஆசிரியர்கள், நீதியை விட்டுவிட்டு, "முதலில் பொய் சொன்னவர் யார்?" என்று மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்.