ஜாமீன்தாரருக்கு யார் ஜாமீன்?

நேற்று ரெண்டாவது சனிக்கிழமை, பேங்க் லீவு. ரெண்டாவது காபியை ஆற்றிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி மகன் வந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது. பீன்யா செகண்ட் ஸ்டேஜில் ஒரு சின்ன கம்பெனியில் பொட்டி தட்டுகிறான் நம்ம மருமகன். லேத்தில் கடைந்த பாகங்களின் அளவு வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மென்பொருள் செய்கிறார்கள்.

"மாமா, கோயம்புத்தூர் கஸ்டமர் ரெண்டு நாளா காய்ச்சுறான். இங்க சூப்பரா பில்டு ஆவுது. அங்க ஆவ மாட்டேங்குது."

நான் பி.காம். கடன் மனுவைப் படித்துப் படித்தே தலை நரைத்தவன். என்னிடம் ஏன் சொல்கிறான் என்று கேட்கக் கூடாது. ஊரில் அம்மாவிடம் சொன்னால் "சாப்பிட்டியா"வோடு முடிந்துவிடும். இங்கே கேட்பதற்கு நான் ஒருத்தன்தான் ஆள். சரி, சொல்லுடா என்றேன். சொன்னான். கேட்கக் கேட்க, இது நம்ம சப்ஜெக்ட் ஆச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். இவர்கள் ஒரு லைப்ரரி செய்து, பேக்கேஜாகக் கட்டி அனுப்புகிறார்கள். கோவைக்காரர் அதை வைத்துத் தன் மென்பொருளை எழுதிக்கொள்வார். இவர்கள் லைப்ரரி, எக்ஸ்.எம்.எல். ஃபைலைப் படிக்க இன்னொரு லைப்ரரியைக் கூப்பிடுகிறது. அந்த லைப்ரரி, சுருக்கி வைத்த ஃபைலை விரிக்க இசட்-லிப் என்று மூன்றாவது ஒன்றைக் கூப்பிடுகிறது. கோவைக்காரருக்கு முதல் ஆளைத் தெரியும். ரெண்டாவது ஆளைக் கேள்விப்பட்டிருக்கிறார். மூன்றாவது ஆள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அவர் மெஷின்ல அந்த இசட்-லிப் இல்லையா?"

"இருக்கு மாமா. அதான் வயித்தெரிச்சல். நம்ம பேக்கேஜ்ல ‘இசட்-லிப் வேணும்’னு பேரு மட்டும் இருக்கு. போய்த் தேடி எடுத்துட்டு வான்னு எழுதலை. இங்க எங்க பில்டு ஆரம்பிக்கும்போதே அதைத் தேடி வச்சிருவோம். அதனால எங்களுக்குத் தெரியவே இல்லை."

இவர்கள் பயன்படுத்துவது சிமேக் என்கிற பில்டு கருவி. நாம் கட்டிய லைப்ரரியை வெளியாளுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது, கூடவே ஒரு கான்ஃபிக் ஃபைல் வைக்க வேண்டுமாம். என்னை எடுத்துக்கொள்ளும் முன்னால் இன்னின்னாரைத் தேடிக்கொள் என்று அதில் எழுத வேண்டும். அதற்கு ‘ஃபைண்ட் டிபென்டென்ஸி’ என்று ஒரே வரி. அந்த வரி இல்லை. எழுத அஞ்சு நிமிஷம். இல்லை என்று கண்டுபிடிக்க ரெண்டு நாள், கோவையில் ஒரு ஆளின் தூக்கம், இங்கே ஒரு பையனின் மானம்.

இனிமேல் நான் பேசுகிறேன். இருபது வருஷமாக ஜாமீன் பத்திரம் பார்ப்பவன். கடன் கேட்டு ஒருவர் வருகிறார், கூடவே ஜாமீன்தாரர் ஒருவர். அவருக்கு வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, கணக்கெல்லாம் பளிச். புது ஆபீசர் உடனே கையெழுத்து போட்டுவிடுவார். கொஞ்சம் அடிபட்டவர் மட்டும் கேட்பார்: "ஐயா, நீங்க வேற எங்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கீங்க?" அங்கேதான் கதை மாறும். மச்சானுக்கு ஒன்று, பங்காளிக்கு ஒன்று. அந்தப் பங்காளி வேறொருவருக்குப் போட்டது ஒன்று. இதெல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் பெரிய எழுத்தில் வராது. அடியில் ‘கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி’ என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பாக வரும். சின்ன வியாபாரிகளிடம் அதுவும் வராது.

இன்னொன்றும் சொன்னான் மருமகன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிமேக்கில் ஒரு லைப்ரரி இன்னொன்றைப் பயன்படுத்தினால் அதை ‘பப்ளிக்’ என்றோ ‘பிரைவேட்’ என்றோ சொல்லலாமாம். வெளியாள் கண்ணில் படுவது என்றால் பப்ளிக், உள்வேலைக்கு மட்டும் என்றால் பிரைவேட். "அப்ப பிரைவேட்டுன்னு போட்டுட்டா கஸ்டமருக்குத் தொல்லை இல்லையே?" என்றேன். "ஷேர்டு லைப்ரரியா இருந்தா, கட்டும்போது பெரும்பாலும் அவரு கவலைப்பட வேண்டாம் மாமா. ஆனா ஓடும்போது மெஷின்ல அந்த ஃபைல் இருந்தாகணும். நாங்க அனுப்புறது ஸ்டாட்டிக் லைப்ரரி. அதுல பிரைவேட்டா இருந்தாலும் கடைசியில எல்லாத்தையும் சேர்த்துக் கட்டும்போது அதுவும் வந்தே ஆகணும்" என்றான்.

அடேய், இது ஸ்லீப்பிங் பார்ட்னர்டா! கடை போர்டில் பேர் இருக்காது, கல்லாவில் உட்கார மாட்டார், வாடிக்கையாளர் அவரைப் பார்த்தே இருக்க மாட்டார். கடன் வசூலுக்குப் போனால் 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி அவரும் முழுப் பொறுப்பு. நாற்பது மார்க்குக்குப் படித்தது முப்பது வருஷம் கழித்து இப்படி உதவும் என்று யார் கண்டது :-)

சரி, ஒரு பையனின் ரெண்டு நாள் தலைவலிக்கு இவ்வளவு பெரிய பதிவா என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 31 ஞாபகம் இருக்கிறதா? ஊரில் கூட்டுறவு வங்கியிலோ கிராம வங்கியிலோ கணக்கு வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நம்மில் எத்தனை பேர் இங்கிருந்து மாதாமாதம் அனுப்புகிறோம்! அந்த மாதிரி சுமார் 300 சின்ன வங்கிகளின் யு.பி.ஐ. உள்ளிட்ட பணப்பரிமாற்றம் அன்றைக்கு நின்றது. அந்த வங்கிகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவற்றுக்குக் கம்ப்யூட்டர் சேவை கொடுத்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் ரான்சம்வேர் தாக்குதலுக்கு ஆளாகியிருக்கலாம் என்று சொல்லி, என்.பி.சி.ஐ. அந்தக் கம்பெனியின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. மறுநாள் இணைப்பு திரும்பியது. சி-எட்ஜ் ஒன்றும் பெட்டிக்கடை இல்லை, எஸ்.பி.ஐ.யும் டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து நடத்தும் கம்பெனி.

க்ளவுட்செக் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அப்போது வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். அதன்படி தாக்குதல் நுழைந்த இடம் சி-எட்ஜே இல்லை. அதோடு சேர்ந்து வேலை செய்த புராண்ட்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்ற இன்னொரு கம்பெனி. அங்கே நுழைந்த வாசல், சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வர். ஜென்கின்ஸ் என்றால் என்ன என்று மருமகனைக் கேட்டேன். பில்டு வேலைகளைத் தானாகச் செய்து பேக்கேஜ் கட்டிக் கொடுக்கும் சர்வராம்!

கதை அங்கேயும் நிற்கவில்லை. அந்த ஜென்கின்ஸில் இருந்த ஓட்டையை வேரோடு பிடுங்கிப் பார்த்தால், அது கட்டளைகளைப் படிக்க ஜென்கின்ஸ் பயன்படுத்தும் ஆர்க்ஸ்-ஃபார்-ஜே என்ற குட்டி லைப்ரரியில் போய் முடிகிறது. அதில் ஒரு வசதி. ‘@’ குறி போட்டு ஒரு ஃபைலின் பேரைக் கொடுத்தால், அந்த ஃபைலுக்குள் இருப்பதை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடும். நல்ல எண்ணத்தில் வைத்த வசதிதான். ஜென்கின்ஸ் அதை அணைக்காமல் விட்டுவிட்டது. விளைவு, வெளியாள் சர்வரில் இருக்கும் ஃபைலை எட்டிப் பார்க்க வழி. திருத்தம் 2024 ஜனவரி 24 அன்றே வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது ஜூலையில். எங்கள் பேங்கில் தவணை 90 நாள் தாண்டினால் கணக்கை வாராக்கடன் என்று எழுதிவிடுவோம். இங்கே ஆறு மாதம் தாண்டியும் கேட்க ஆளில்லை.

கூட்டிப் பாருங்கள். ஊரில் அம்மா. அம்மாவின் வங்கி. அதற்கு சி-எட்ஜ். அதற்கு இன்னொரு கம்பெனி. அங்கே ஜென்கின்ஸ், அதற்குள்ளே ஆர்க்ஸ்-ஃபார்-ஜே. அம்மாவுக்கும் அந்த ‘@’ குறிக்கும் நடுவில் அஞ்சு பேர். எந்த பாஸ்புக்கில் இதை எழுதியிருந்தார்கள்?

இது ஒன்றும் அபூர்வம் இல்லை. 2021 டிசம்பரில் லாக்-ஃபார்-ஜே ஓட்டை வெடித்தபோது கூகுள்காரர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஜாவா உலகத்தின் பொதுக் கிடங்கில் 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில் அது இருந்தது. பெரும்பாலானவை அதை நேரடியாகக் கேட்டு வாங்கியவை அல்ல, கூப்பிட்டவர் கூட வந்தது. பலவற்றில் அஞ்சு படி கீழே, சிலவற்றில் ஒன்பது படி கீழே.

பீன்யாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் தலைக்கு மேலேயே இருக்கிறதே தும்கூர் ரோடு மேம்பாலம்! 2021 டிசம்பர் 25 அன்று மூடினார்களே, தூண் உடைந்தா? ரோடு பெயர்ந்தா? மேலே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கான்கிரீட்டுக்கு உள்ளே இழுத்துக் கட்டிய கேபிள் கெட்டுப்போயிருந்தது. சின்ன வண்டிகளை ரெண்டு மாதத்தில் விட்டார்கள். லாரிக்குத் திறக்க 2024 ஜூலை கடைசி ஆனது. அதுவரை கீழே சர்வீஸ் ரோட்டில் நாம் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிப் பதிவு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் கட்டி அனுப்புகிறவன்தான் உள்ளே இருக்கும் எல்லார் பேரையும், அடிப்படி வரைக்கும், வெர்ஷனோடு எழுதித் தர வேண்டும். வாங்குகிறவன் தோண்டிக் கண்டுபிடிக்கட்டும் என்பது நியாயம் இல்லை. அந்தப் பட்டியலை ஆடிட் வருகிறது என்றதும் எக்ஸெல்லில் உட்கார்ந்து தட்டக் கூடாது. பில்டு கருவிக்குத்தான் யார் யாரைக் கூப்பிட்டோம் என்று தெரியும், எக்ஸ்போர்ட் செய்யும் அந்த நிமிஷத்தில் அதுவே எழுத வேண்டும். எழுதியது உண்மையா என்று பார்க்க, எதுவுமே நிறுவாத ஒரு வெறும் மெஷினில் பேக்கேஜைப் போட்டு ஒரு தடவை கட்டிப் பார்க்க வேண்டும். "எங்க மெஷின்ல ஓடுதே" என்பது, ஜாமீன்தாரரின் வீட்டில் வைத்தே ஜாமீன்தாரரை விசாரிப்பது மாதிரி.

மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "பன்னண்டு பேரு கம்பெனி மாமா. இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடின்னு முதலாளி சொல்லுவாரு. அதோட, பட்டியல் இருந்தா மட்டும் அந்த ‘@’ ஓட்டை அடைபட்டிருக்குமா?" என்றான்.

ரெண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் இறங்கி வர வேண்டியிருந்தது. அடைபட்டிருக்காது. பட்டியலைப் பார்த்து அவசரப்பட ஒருவர் வேண்டும். ஆனால் பட்டியலே இல்லையென்றால் அவசரப்பட வேண்டியது நாம்தான் என்றே தெரியாது. முதல் கேள்விக்கு நான் இறங்கவில்லை. ஒரே வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நாலு பேங்கில் கடன் வாங்கிய காலம் எங்களுக்கும் இருந்தது. அடமானங்களைப் பதிய செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு 2011-ல்தான் வந்தது. அப்போதும் சின்ன பிராஞ்சுகள் இதே பாட்டுத்தான் பாடின, நேரம் இல்லை, ஆள் இல்லை. இன்றைக்கு செர்சாய் பார்க்காமல் வீட்டுக் கடனை நகர்த்த முடியாது.

மென்பொருளுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. சர்ட்-இன் 2024 அக்டோபரில் இந்த உள்ளடக்கப் பட்டியலுக்கு வழிகாட்டி வெளியிட்டது, 2025 ஜூலையில் அதை விரிவாக்கியது. செபி 2024 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே தன் கீழ் உள்ள நிறுவனங்களிடம் கேட்டுவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2023 ஐ.டி. அவுட்சோர்சிங் உத்தரவு சப்-காண்ட்ராக்டர் வரைக்கும் போகிறது. பன்னண்டு பேர் கம்பெனிக்குக் காசு யார் கொடுப்பது என்றால், வாங்குகிற பெரியவர்கள் விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும். ஜாமீன் பத்திரத்துக்கு ஸ்டாம்ப் செலவு இல்லாமலா இருக்கிறது?

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, என் பக்கமும் அழுக்கு இருக்கிறது. போன வருஷம் எங்களுக்கு ஒரு சின்ன மென்பொருள் கொடுத்த வெண்டரிடம், உள்ளே என்னென்ன லைப்ரரி என்று எழுத்தில் கேட்டிருந்தோம். எக்ஸெல் ஃபைல் வந்தது. அதில் மொத்தம் ஒரே வரி: ‘விண்டோஸ்’. நானும் ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்து போட்டு ஃபைலில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மருமகன் போன் பண்ணினான். வெறும் மெஷினில் கட்டிப் பார்த்தானாம், கோவைக்குப் போக வேண்டிய பேக்கேஜில் இவர்கள் நேரடியாகக் கூப்பிட்டது நாலு லைப்ரரி, கூடவே வந்தது பத்தொன்பது. அதில் ரெண்டு எதற்கு என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதினவர் வேலையை விட்டு மூணு வருஷம் ஆயிற்றாம். திங்கட்கிழமை அவர் நம்பரைத் தேடப் போகிறான். நான் அந்த ஒரு வரி எக்ஸெல்லைத் தேடப் போகிறேன்.