வெஸ்லியின் வாரிசுகளே, விடை தாரீர்!

"ஆண்டவன் முன் அனைவரும் சமம்!" ஞாயிறுதோறும் இம்முழக்கம் எழுகிறது. எழட்டும்! திங்களன்று நடப்பதென்ன என்பதே நமது வினா.

மெதடிசம் கண்ட ஜான் வெஸ்லி, அடிமை வாணிபத்தைச் சாடி 1774-இலேயே நூல் தீட்டியவர். சாதியை உதறினாலன்றித் திருமுழுக்கு இல்லையென 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு முடிவு செய்தது. 1947-இல் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் பிறரும் ஒன்றித் தென்னிந்தியத் திருச்சபை கண்டனர். மேல்நாட்டார் எழுப்பிய வேலிகள் சாய்ந்தன. மனு எழுப்பிய வேலி மட்டும் சாயவில்லையே, ஏன்?

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் நிழலில் சாதி தழைப்பதில் வியப்பில்லை. சாத்திரமே அதற்கு எருவிட்டது. சிலுவையின் நிழலிலும் அது தழைப்பானேன்? இராசபாளையத்து நூற்பாலைக்குள் பல சாதித் தொழிலாளரும் ஒரே வாயில்வழி நுழைகின்றனர். வயிற்றுக்காகக் கூடுமிடத்தில் இயல்வது, வழிபடக் கூடுமிடத்தில் இயலாதா? மண விளம்பரத்தில் கிறித்துவின் பெயரை ஒட்டியே சாதிப் பெயரும் அமர்ந்திருக்கிறதே, அது எந்தச் சுவிசேஷம்?

1950-ஆம் ஆண்டு ஆணை, தாழ்த்தப்பட்ட கிறித்தவருக்குப் பட்டியலினத்தார் உரிமையை மறுத்தது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் அவ்வுரிமை பெற்றனர். கிறித்தவர்க்கோ கதவு திறக்கவில்லை. திறக்கக் கோரி 2023-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நாமும் உரத்துக் கோருகிறோம்!

ஆனால், தில்லியின் கதவைத் தட்டும் கை, முதலில் தன் வீட்டுச் சுவரை இடிக்கட்டும். கல்லறையிலும் கலியாணத்திலும் சாதி காப்போர் சபைப் பொறுப்பில் அமரலாகாது என்று சட்டம் செய்யட்டும்! பிரார்த்தனை போதும், இனித் தேவை சம்மட்டி!