கள்ளின் காட்டம் மரம் கொடுத்த அளவில் நிற்கட்டும்

"கள்ளில் போதையே கிடையாது, அது வெறும் உணவு" என்று நம்ம கூட்டங்களில் சிலர் பேசுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. கள்ளில் ஆல்கஹால் இருக்கிறது. இருக்கிறதை இருக்கிறது என்று சொல்லிவிட்டே 1987 முதல் தொடரும் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி. தென்னம்பாளைச் சாறில் சுமார் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை. ஈஸ்ட் அதைத் தின்று, எடையில் ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாக்கும். மீதி நுரையாகப் பொங்குகிற வாயு. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால், கடைசிச் சொட்டுச் சர்க்கரை வரை புளித்தாலும் 7 முதல் 9 சதவீதம்தான். அதுவரை யார் வைத்திருந்து குடிக்கிறார்கள்? மறுநாளே காடி வாடை வந்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்கவே புளிக்காது, பதநீர். கேரளத்தில் தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்ததும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. டாஸ்மாக் பிராந்தியோ 42.8.

அமெரிக்காவில் வீட்டுக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள 1978-லேயே மத்தியச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. காட்டம் பத்தலைன்னா அவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 20 லிட்டர் பீரை 5-லிருந்து 8 சதவீதத்துக்கு ஏற்ற ஒரு கிலோ சர்க்கரை கூடுதலாக வேண்டும். வெறும் சர்க்கரை போட்டால் பீர் சப்பென்று ஆகிவிடும் என்று மால்ட்டைக் கூட்டுவார்கள், தாக்குப்பிடிக்கிற ஈஸ்ட்டைத் தேடுவார்கள். காய்ச்சுகிறவரே குடிக்கிறவர். அதனால் கண்டதைப் போட மாட்டார்.

விற்பனைக்கு என்று வரும்போதுதான் வினை. கேரளத்தில் சித்தூர்ப் பக்கத்திலிருந்து பல மாவட்டங்களுக்குக் கள் வண்டியில் போகிறது. தூரம் போகப் போக, கேட்கிற அளவு கூடக் கூட, தண்ணீர் சேரும். தண்ணீர் சேர்ந்ததை மறைக்க ஏதாவது சேரும். தெலங்கானாவில் அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட் எல்லாம் கள்ளில் கலந்து பிடிபட்டிருக்கின்றன. அது ஆல்கஹாலே இல்லை, தூக்க மருந்து. உயிர் போகிற சமாச்சாரம். தடையை ஆதரிக்கிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது நாம் கோபப்படுகிறோமே தவிர, பதில் சொல்வதில்லை.

பதில் இருக்கிறது. வங்கியில் கடன் கொடுத்தபின் கிடங்குக்குப் போய் இருப்பைச் சரிபார்ப்போம். அதையே இங்கேயும் செய்யலாம். ஒரு தென்னை நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தரும். பத்து மரம் இறக்குகிறவர் 60 லிட்டர் விற்றால் மீதி 40 எங்கிருந்து வந்தது? மரத்துக்கு எண் போடுங்கள். இறக்கிய தோப்பிலேயே அன்றைக்கே விற்கட்டும், வண்டி ஏறக் கூடாது. மாதிரி எடுத்து ஆல்கஹாலையும் மருந்துக் கலப்பையும் சோதிக்கட்டும். பிடிபட்டவரின் மரவரி உரிமம் ரத்து. அடுத்த முறை அரசுக்குக் கொடுக்கிற மனுவில் "தடையை நீக்கு" என்ற வரிக்குக் கீழேயே இவற்றையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.