சோதனை பகலில், சாவு இரவில்

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் தனியார் மருத்துவமனை ஒன்றில் பற்றிய தீ, ஒரு சிறுமி உட்பட 6 பேரைப் பலி கொண்டது. லிஃப்டுக்குள் சிக்கி மயங்கிய நிலையில் மீட்கப்பட்டவர்களும் உண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 15 இரவு, உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு எரிந்தது; அன்றே 10 சிசுக்கள் மாண்டன. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 10 சிசுக்கள் இறந்ததும் நள்ளிரவு கடந்த வேளையில்தான்.

ஒவ்வொரு முறையும் 'மின்கசிவு' என்று அறிக்கை வருகிறது. நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது, அதோடு மறக்கப்படுகிறது. மின்கசிவு விபத்தாக இருக்கலாம். புகை சூழ்ந்த வார்டிலிருந்து நோயாளி வெளியேற வழியில்லாமல் போவது விபத்தல்ல, நிர்வாகத்தின் குற்றம்.

2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் சுமார் 90 பேர் இறந்தனர். வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே எழுந்த புகை ஏ.சி. குழாய்கள் வழியாக மாடிகளுக்கு ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் புகை வெளியேற இடமில்லை. பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, மூச்சுத்திணறல். அந்தப் பாடத்தைப் படித்திருந்தால் பின்வந்த சாவுகளில் பலவற்றைத் தடுத்திருக்கலாம்.

2024 மே 25 இரவு தீப்பிடித்த டெல்லி விவேக் விஹார் குழந்தைகள் மருத்துவமனையின் உரிமம் மார்ச் 31-ஆம் தேதியே காலாவதியாகியிருந்தது. 5 படுக்கைகளுக்கு அனுமதி பெற்ற இடத்தில் 12 குழந்தைகள் இருந்தனர். இது யார் கண்ணிலும் படவில்லையா? பட்டும் பேசாமல் இருந்தார்களா? இரண்டில் எதுவானாலும் பொறுப்பு அதிகாரிகளுடையது.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கொரோனா மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறையாவது தீத்தடுப்புத் தணிக்கை நடத்த மாவட்டந்தோறும் குழு அமைக்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே, கட்டட விதிகளை மீறிய மருத்துவமனைகளுக்குக் கால அவகாசம் தந்த குஜராத் அரசை அதே நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. விதியை நிறைவேற்ற வேண்டிய அரசே மீறலுக்கு அவகாசம் தருமானால், மக்கள் யாரிடம் போய் முறையிடுவது?

செய்ய மனமிருந்தால் அரசால் முடியும். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீ 94 குழந்தைகளை விழுங்கிய பிறகு, தமிழகப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகளை அகற்ற உத்தரவு பறந்தது. மருத்துவமனைகளுக்கு அந்த உறுதி எங்கே?

மருத்துவமனைகளின் தீத்தடுப்புச் சான்றுக்கான ஆய்வு பகலில் நடக்கிறது. அப்போது மருத்துவர், மேலாளர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் இருக்கிறார்கள். தீ பிடிக்கும் இரவிலோ, ஒரு செவிலியரும் ஒரு காவலாளியும்தான் பல நோயாளிகளுக்குத் துணை. வென்டிலேட்டரில் இருப்பவரை எந்த வழியாக, எந்தப் பக்கத்து வார்டுக்கு நகர்த்துவது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஆகவே, இரவுப் பணியாளர்களைக் கொண்டே 3 மாதத்துக்கு ஒருமுறை தீயணைப்புத் துறை ஒத்திகை நடத்த வேண்டும். நாள் முழுக்க ஏ.சி.யும் உயிர்காக்கும் கருவிகளும் ஓடும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மின்சுமையை அரசு மின் ஆய்வாளர் நேரில் அளக்க வேண்டும். மாடிப்படிகளில் கட்டிலும் பெட்டியும் அடுக்கி, அவசர வழிக்குப் பூட்டுப் போடும் நிர்வாகத்தின் உரிமத்தை அன்றே நிறுத்திவைக்க வேண்டும். தீத்தடுப்புச் சான்றும் அது காலாவதியாகும் நாளும் மருத்துவமனை வாசலிலேயே மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைக்கும் இதில் சலுகை கூடாது. பழைய வயரிங்கை மாற்ற நிதி ஒதுக்குவது அரசின் கடமை. இடத்தைப் பார்க்காமல் சான்றில் கையெழுத்திட்ட அதிகாரியும் உரிமையாளரோடு குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். அதுவரை எந்த விசாரணைக் குழுவும் வெறும் கண்துடைப்பே.