பழைய லேப்டாப்பில் புது ஓ.எஸ்: அந்த பட்டனை அழுத்தும் முன் இதைப் படிங்க!

அம்மாவின் லேப்டாப் திரையில் திடீரென ஓர் அறிவிப்பு. வைரஸ் என்று பயந்து அப்படியே மூடி வைத்துவிட்டு எனக்கு போன் போட்டார். "கண்ணு, சாயங்காலம் வந்து இத கொஞ்சம் என்னன்னு பாரு." போய்ப் பார்த்தால் வைரஸ் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற மைக்ரோசாஃப்ட்டின் தகவல்தான் அது.

அந்த லேப்டாப், நான் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் வீடும் அதில் ஒன்று. நான் வேலைக்குப் போனதும் அது அம்மாவிடம் வந்தது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு, குடும்ப போட்டோக்கள், மறைந்த தாத்தா கதை சொல்லும் ஆடியோ என எல்லாம் அதில்தான் இருந்தன.

தெரிந்த கடைக்கு எடுத்துப் போனேன். "இதெல்லாம் இனிமே ஓடாதுங்க. புதுசு வாங்கிடுங்க" என்றார். உண்மையிலேயே ஓடாதா?

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்கள் வராது, அவ்வளவுதான். ஆனால் அதில் நெட் பேங்கிங் செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் பெறும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது. அது அவகாசம்தான், தீர்வு இல்லை.

விண்டோஸ் 11 ஏறுமா?

4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ் இவை பழைய கம்ப்யூட்டரிலும் இருக்கும். சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இன்னொன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. பல கம்ப்யூட்டர்களில் டிபிஎம் இருந்தும் பயாஸ் செட்டிங்கில் ஆஃப் செய்யப்பட்டிருக்கும். எனவே, "ஏறாது" என்று யாராவது சொன்னால், மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

தகுதியில்லாத கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்கு வழிகளை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். ஏற்ற முடியும்தான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? வீட்டுக் கணக்கு வைக்கும் கம்ப்யூட்டரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு என்ன வழி?

லினக்ஸ் மின்ட். இலவசம். இதன் 22-வது பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. பழைய கம்ப்யூட்டருக்கு 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற எடை குறைந்த பதிப்பை எடுங்கள். பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள்.

பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. இதுவும் இலவசம். ஆனால் பிளே ஸ்டோர் செயலிகள் இதில் ஓடாது.

எல்லோருக்கும் லினக்ஸ் பொருந்தாது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள் அவசரப்பட வேண்டாம். எம்.எஸ்.ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ்தான் வரும். எக்ஸெல் ஃபைல் திறக்கும். சிக்கலான மேக்ரோக்கள் தகராறு செய்யலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் மறக்காமல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

நான் செய்த தப்பு

இவ்வளவு தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொதப்பினேன். 'சி டிரைவ் மட்டும்தானே அழியும், அம்மாவின் ஃபைலெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கும்' என்று நினைத்து, 'டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அது சி, டி பார்க்காது. மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் துடைத்துவிடும்.

லினக்ஸ் அழகாக வந்தது. அம்மாவின் ஃபைல்கள் எதுவும் இல்லை.

மீட்பு மென்பொருளை இரவெல்லாம் ஓட்டினேன். போட்டோக்களில் பாதி வந்தன. குழுக் கணக்கைப் பற்றி அம்மா பதறவில்லை. "எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன் கண்ணு. பாத்து அடிச்சுக்கலாம்" என்றார். தாத்தாவின் ஆடியோ வரவில்லை. அதற்கு நோட்டு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில், முக்கியமான ஃபைல்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் கிளவுடிலும் என இரண்டு இடத்தில் காப்பி செய்யுங்கள். காப்பி செய்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையும் விட்டுவிடாதீர்கள். அவை பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும்.

முடிந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதிதாக ஓர் எஸ்எஸ்டி போட்டு அதில் ஓ.எஸ் ஏற்றுங்கள். பழைய கம்ப்யூட்டரின் வேகத்துக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. கூடவே, கழற்றிய டிஸ்க் உங்கள் ஃபைல்களோடு அப்படியே பீரோவில் இருக்கும். நான் எஸ்எஸ்டி வாங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான்.

இப்போது அம்மாவின் லேப்டாப்பில் எஸ்எஸ்டி, 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட். ஆன் செய்தால் முன்பு போல டீ போட்டுக் குடித்துவிட்டு வர வேண்டியதில்லை. "ஓடாது" என்று சொல்லப்பட்ட அதே லேப்டாப்பில்தான் குழுவின் கணக்கு நடக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய லேப்டாப் இருந்தால், அதை எடைக்குப் போடாதீர்கள். இன்று சாயங்காலமே அதில் என்னென்ன இருக்கிறது என்று அம்மா, அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். அவற்றை முதலில் காப்பி செய்யுங்கள். ஓ.எஸ்-ஐ அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்.